நூறு வேண்டிய இடத்தில் முப்பத்தாறு: ஃபெராரி 250 ஜிடிஓ, முதன்முதலாகப் படிப்பவர்களுக்கு

1960களின் நடுவில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் பழைய பந்தயக் கார் ஒன்று நன்கொடையாக வந்தது. மோட்டார் தொழில் வகுப்பில் படிக்கும் மாணவர்கள் கழற்றிப் பூட்டிப் பழகட்டும் என்று அதன் உரிமையாளர் கொடுத்திருந்தார். சில ஆண்டுகள் பையன்களின் ஸ்பேனருக்கு ஈடுகொடுத்த அந்த வண்டியைப் பள்ளி 1972இல் 6,500 டாலருக்கு விற்றுவிட்டது. வாங்கியவர் ஒஹையோவுக்குக் கொண்டுபோய், ஏற்றிவந்த டிரெய்லரிலிருந்து இறக்கக்கூட இறக்காமல், திறந்தவெளியில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் மழையிலும் பனியிலும் நிற்க விட்டார்.

அந்த வண்டி ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ. அதே வரிசையைச் சேர்ந்த இன்னொரு வண்டி 2018இல் ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது.

பழைய கார்களைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள்கூட இந்தப் பெயரை எங்கேயாவது கேட்டிருப்பார்கள். விலையைக் கேட்டுவிட்டு, பணக்காரர்களின் பித்து என்று தள்ளிவிடுவதும் வழக்கம். பித்து இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பித்துக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள வண்டியின் பெயரைப் பிரித்துப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் 250. குதிரைத்திறனும் இல்லை, வேகமும் இல்லை. அன்றைய ஃபெராரி, இன்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவை வைத்துக் காருக்குப் பெயரிட்டது. இந்த இன்ஜினில் 12 சிலிண்டர்கள், மொத்தக் கொள்ளளவு 2,953 சிசி. வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 246 சிசி வரும். அதை 250 என்று முழுமையாக்கிக்கொண்டார்கள். ஜிடிஓவுக்கு முன்பே பல ஃபெராரிகள் இந்த எண்ணைச் சுமந்திருந்தன. எனவே '250' என்று மட்டும் சொன்னால் அது ஒரு குடும்பப் பெயர்தான். ஆள் யார் என்று தெரிய அடுத்து வரும் எழுத்துகளைப் பார்க்க வேண்டும்.

ஜிடி என்பது இத்தாலிய மொழியில் 'கிரான் துரிஸ்மோ', ஆங்கிலத்தில் 'கிராண்ட் டூரிங்'. பழைய காலத்தில் இங்கிலாந்தின் செல்வந்த வீட்டுப் பிள்ளைகள் படிப்பை முடித்ததும் பாரிஸ், வெனிஸ், ரோம் என்று மாதக்கணக்கில் ஊர் சுற்றிவருவார்கள். அந்தப் பயணத்துக்கு 'கிராண்ட் டூர்' என்று பெயர். கார் வந்த பிறகு அந்தச் சொல் ஒரு வகை வண்டிக்கு ஒட்டிக்கொண்டது. இருவர் வசதியாக உட்காரலாம், பின்னால் பெட்டிகளுக்கு இடம் உண்டு, மூடிய கூரை, வலுவான இன்ஜின். காலையில் பாரிஸில் கிளம்பினால் இரவு உணவுக்கு இத்தாலிக்குப் போய்விடலாம், இறங்கும்போது முதுகு ஒடிந்திருக்காது. ஊர்த் தெருவில் பறந்து காட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கும், இரவெல்லாம் நெடுஞ்சாலையில் ஓடக்கூடிய பெரிய செடானுக்கும் நடுவில் நிற்பது ஜிடி.

கடைசி எழுத்தில்தான் கதையே இருக்கிறது. ஓ என்றால் 'ஓமொலொகாத்தோ'. 'ஒப்புதல் பெற்றது' என்று பொருள். பந்தயத்தில் ஓடத் தகுதி உண்டு என்று அதிகாரபூர்வமாகச் சான்று பெற்ற வண்டி. ஆங்கிலத்தில் ஹோமோலோகேஷன் என்பார்கள்.

இந்தச் சான்று எதற்கு? கார் பந்தயங்களை நடத்தும் உலக அமைப்பான எஃப்ஐஏவுக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. சாதாரண மக்கள் வாங்கக்கூடிய கார்களுக்கு ஒரு போட்டி, பந்தயத்துக்கென்றே செய்த கார்களுக்கு வேறொரு போட்டி என்று பிரித்து வைத்தால், முதல் பிரிவில் திருட்டுத்தனமாக நுழைய எல்லா நிறுவனங்களும் பார்க்கும். ஒரே ஒரு அசுர வண்டியைச் செய்து, 'இது எங்கள் கடையில் விற்கிற சரக்குதான்' என்று சாதிக்கும். அதைத் தடுக்க ஓர் எளிய விதி வைத்தார்கள்: ஜிடி பிரிவில் ஓட வேண்டுமானால் அந்த மாதிரியில் தொடர்ந்து 12 மாதங்களுக்குள் குறைந்தது 100 வண்டிகள் செய்திருக்க வேண்டும். நூறு பேர் வாங்கும் கார் கட்டாயம் ஓரளவு சாதுவாகத்தான் இருக்கும் என்பது கணக்கு.

1962 முதல் உற்பத்தியாளர்களுக்கான உலகப் பட்டம் ஜிடி கார்களுக்கே என்று எஃப்ஐஏ அறிவித்தது. ஃபெராரியிடம் அப்போது 250 ஜிடி பெர்லினெட்டா என்ற நல்ல வண்டி இருந்தது. அச்சுகளுக்கு இடையிலான தூரத்தைக் குறைத்துச் செய்ததால் 'குட்டை வீல்பேஸ்' என்று அதை அழைப்பார்கள். அது ஏற்கெனவே சான்று பெற்றது. ஆனால் 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஜாகுவார் நிறுவனம் இ-டைப் காரைத் திரை விலக்கிக் காட்டியதும் ஃபெராரி தொழிற்சாலை இருக்கும் மாரனெல்லோவில் கவலை பிறந்தது. பெர்லினெட்டாவின் மூக்கு உருண்டையானது, நெடிய நேர்ச்சாலையில் காற்றைக் கிழிக்கத் திணறியது. புதிய வண்டி வேண்டும். ஆனால் நூறு செய்ய நேரமும் இல்லை, வாங்க ஆளும் இல்லை.

நம் ஊரில் வீடு கட்டும் விதிகள் கடுமையாக இருக்கும் தெருக்களில் ஒரு தந்திரம் உண்டு. பழைய வீட்டைப் பழுதுபார்க்கிறேன் என்று அனுமதி வாங்குவார்கள். ஒரே ஒரு சுவரை மட்டும் நிற்க விட்டு மற்றதையெல்லாம் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். கேட்டால் 'அந்தச் சுவர் தாத்தா காலத்தது ஐயா' என்பார்கள். ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி செய்தது அச்சு அசலாக இதுதான். ஜிடிஓ புதிய கார் அல்லவே அல்ல, சான்று பெற்ற பெர்லினெட்டாவின் மேம்பட்ட வடிவம், உடல்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது என்று தாள்களைச் சமர்ப்பித்தார். விதியிலும் அப்படி மேம்படுத்திக்கொள்ள இடம் இருந்தது. அதிகாரிகள் கையெழுத்திட்டார்கள். நூறு வண்டி என்ற கணக்கு பெர்லினெட்டாவின் தலையில் ஏறியது. ஜிடிஓ 1962க்கும் 1964க்கும் இடையில் 36 மட்டுமே செய்யப்பட்டது. 4 லிட்டர் இன்ஜின் வைத்த மூன்று வண்டிகளையும் சேர்த்து எண்ணுபவர்கள் 39 என்பார்கள்.

சோதனை அதிகாரிகளுக்கு அதே வண்டிகளை ஊருக்கு ஊர் மாற்றி நிறுத்திக் காட்டி எண்ணிக்கையைப் பெருக்கினார் என்று ஒரு கதை வெகுகாலமாக உலவுகிறது. சுவையான கதை, ஆனால் நம்ப வேண்டாம். தாளிலேயே காரியம் முடிந்த பிறகு வண்டிகளை ஊர் ஊராக ஓட்டுவானேன்?

ஆக, இந்தக் காரின் அருமைக்கு வேர் எங்கே என்று கேட்டால் என் பதில் இதுதான்: நிறையச் செய்தால்தான் ஓடலாம் என்று சொன்ன ஒரு விதி. விதிக்குப் பணிந்து நூறு செய்திருந்தால் இன்றும் விலை உயர்ந்த காராகத்தான் இருந்திருக்கும், ஆனால் இந்த விலைக்கு அருகில்கூட வந்திருக்காது.

வண்டியை உருவாக்கும் பொறுப்பு முதலில் ஜோத்தோ பிட்ஸரீனி என்ற பொறியாளரிடம் இருந்தது. கீழிறங்கிய நீண்ட மூக்கு, உயர்ந்து வெட்டுண்டு நிற்கும் பின்புறம் என்ற அடிப்படை வடிவம் அவர் காலத்தில் பிறந்தது. 1961 செப்டம்பரில் மோன்ட்ஸா ஓடுதளத்தில் பிரிட்டிஷ் பந்தய வீரர் ஸ்டர்லிங் மாஸ் முன்மாதிரியை ஓட்டிப் பார்த்தார். அதற்குச் சில வாரங்களில் தொழிற்சாலையில் ஒரு பூகம்பம். என்ஸோவின் மனைவி நிர்வாகத்தில் தலையிடுகிறார் என்று மூத்த ஊழியர்கள் குமுற, பிட்ஸரீனி, தலைமைப் பொறியாளர் கார்லோ கீத்தி உட்படப் பலர் ஒரே வீச்சில் வெளியேறினார்கள். 'அரண்மனைப் புரட்சி' என்று இத்தாலியர்கள் இன்றும் அதை நினைவுகூர்வார்கள். பாதியில் நின்ற வண்டியை முடிக்கும் வேலை மௌரோ ஃபொர்கியெரி என்ற இளைஞரின் தலையில் விழுந்தது. அவருக்கு அப்போது வயது 26.

உடலைக் கட்டியது மோடெனாவில் இருந்த செர்ஜோ ஸ்காலியெத்தியின் பட்டறை. லாரி நிறுவனத்திடமிருந்து வெறும் சேஸிஸ் வர, கரூர்ப் பட்டறைகளில் பஸ்ஸுக்கு பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. ஃபெராரியிலிருந்து இரும்புக் குழாய்ச் சட்டம் வரும், ஸ்காலியெத்தியின் ஆட்கள் அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டி வளைத்து அதன்மேல் போர்த்துவார்கள். எல்லாம் கைவேலை, கண் அளவு. அதனால் 36இல் எந்த இரண்டும் முழுக்க ஒன்றுபோல் இருப்பதில்லை. காற்று வெளியேறும் செதிள் திறப்புகள் ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. பின்முனையில் நிமிர்ந்து நிற்கும் சிறிய வால் தடுப்பை முதல் வண்டிகளில் தனியாகச் செய்து பொருத்தினார்கள், பிறகு உடலோடு சேர்த்தே அடித்தார்கள். மூக்கின் மேல் மூன்று அரைவட்டத் திறப்புகள் உண்டு. குளிர்ந்த நாளில் மூடிவிடலாம். தூரத்திலிருந்து ஜிடிஓவை அடையாளம் காண இந்த மூன்று ஓட்டைகளைத் தேடினால் போதும்.

மூடியைத் திறந்தால் உள்ளே ஜொவாக்கினோ கொலம்போ வடிவமைத்த வி12 இன்ஜின். லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற டெஸ்ட்டா ரோஸ்ஸா என்ற ஃபெராரி பந்தயக் காரில் ஓடிய அதே வகை. அதன் மேல், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் வெபர் கார்புரேட்டர்கள் ஆறு வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய், ஆக ஒரு சிலிண்டருக்கு ஒரு வாய். ஏறத்தாழ 300 குதிரைத்திறன். வண்டியின் எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று: சாதாரண இன்ஜினில் எண்ணெய் அடியில் ஒரு தொட்டியில் தேங்கிக் கிடக்கும். ஜிடிஓவில் அந்த அடித்தொட்டியை எடுத்துவிட்டு, எண்ணெயை வேறிடத்தில் ஒரு கலத்தில் வைத்து பம்பு மூலம் சுற்றவிட்டார்கள். இதற்கு 'டிரை சம்ப்' என்று பெயர். அடித்தொட்டி போனதும் இன்ஜினை இன்னும் தாழ்த்தி வைக்க முடிந்தது, இன்ஜின் தாழ்ந்ததால் மூக்கும் தாழ்ந்தது. அந்த அழகான முகம் ஓர் எண்ணெய்த் தொட்டியை இடம் மாற்றியதால் கிடைத்தது என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

பின்சக்கரங்களை இணைப்பது மட்டும் பழைய பாணியில் ஒரே அச்சு. 1962க்கே அது பழசுதான். ஆனால் தாளில் 'அதே பழைய வண்டி' என்று எழுதிக் கொடுத்தவர் அடியையெல்லாம் எப்படிப் புரட்டிப் போடுவார்?

உள்ளே எட்டிப் பார்த்தால் 'கிரான் துரிஸ்மோ' என்ற பெயரே கேலியாகத் தோன்றும். தரை விரிப்பு இல்லை, கூரைக்கு உள்துணி இல்லை, இருக்கையில் தோல் இல்லை, முரட்டுத் துணிதான். சுவிட்சுகள் பலவும் ஃபியட் 500 என்ற குட்டிக் காரில் இருப்பவை. வேகமானி கிடையாது! ஓட்டுநருக்குத் தேவை இன்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்ற கணக்கு மட்டுமே. வேகத்தைப் போட்டியாளர்கள் தெரிந்துகொள்வார்கள். ஆனாலும் இதற்கு நம்பர் பிளேட் மாட்டிச் சாலையில் ஓட்டலாம். வீட்டிலிருந்து பந்தயத்துக்கு ஓட்டிப்போய், ஓடி, வென்று, அதே வண்டியில் திரும்பி வந்தவர்கள் உண்டு. அப்படிச் செய்யக்கூடிய கடைசித் தலைமுறைக் கார் என்று பலர் இதைச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

முதல் பந்தயம் 1962 மார்ச், அமெரிக்காவின் செப்ரிங்கில் 12 மணி நேர ஓட்டம். ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் பில் ஹில்லும் ஒலிவியே ஜெந்தபியனும் ஓட்டினார்கள். பெரிய பிரிவில் டெஸ்ட்டா ரோஸ்ஸா கொடுக்காமல் இந்த ஜிடியைத் தந்தார்களே என்று ஹில்லுக்கு எரிச்சல். கடைசியில் அந்த ஜிடி, பந்தயத்துக்கென்றே செய்த கார்களையெல்லாம் தாண்டி ஒட்டுமொத்தத்தில் இரண்டாவதாக வந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் லெ மானில் இரண்டாம் இடம், 1963இலும் 1964இலும் 'டூர் டி பிரான்ஸ்' கார் பந்தயத்தில் வெற்றி, 1962 முதல் 1964 வரை மூன்று ஆண்டுகளும் தன் பிரிவில் உற்பத்தியாளர் பட்டம்.

பழைய சுவர்த் தந்திரம் எப்போதும் பலிக்காது. 1964இல் இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த 250 எல்எம் காரையும் 'அதே பெர்லினெட்டாவின் மேம்பட்ட வடிவம்' என்று என்ஸோ கொண்டுபோனார். அடுத்த தெருவில் புது வீடு கட்டிவிட்டு, பழுதுபார்த்தேன் என்பதைப்போல. எஃப்ஐஏ மறுத்துவிட்டது. கோபத்தில் அவர் இத்தாலியப் பந்தய உரிமத்தையே திருப்பிக் கொடுத்தார். அந்த ஆண்டின் கடைசி இரண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஃபெராரிகள் சிவப்புக்குப் பதில் வெள்ளையும் நீலமும் பூசி அமெரிக்க அணியின் பெயரில் ஓடின. ஜிடிஓவின் காலமும் அத்தோடு முடிந்தது. 1965இல் ஷெல்பி கோப்ரா என்ற அமெரிக்கக் கார் அந்த உற்பத்தியாளர் பட்டத்தைப் பறித்துக்கொண்டது.

இப்போது பணத்துக்கு வருவோம். புதிதாக வந்தபோது அமெரிக்காவில் இதன் விலை 18,000 டாலர் அளவில். காசு இருந்தால் மட்டும் போதாது, வாங்குபவரை என்ஸோ ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் பந்தயக் கார் என்பது சினிமாப் போஸ்டர் மாதிரி, அடுத்த படம் வந்ததும் பழசு. 1960களின் கடைசியில் பத்தாயிரம் டாலருக்கும் கீழே கைமாறின. டெக்சாஸ் பள்ளி செய்தது அந்தக் காலத்துக்கு முட்டாள்தனமே அல்ல. 1977இல் பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன் 1962 லெ மானில் மூன்றாவதாக வந்த ஜிடிஓவை ஏறத்தாழ 37,000 பவுண்டுக்கு வாங்கினார். 1980களின் முடிவில் ஜப்பானியர்கள் வாங்க இறங்கியதும் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. பிறகு சந்தை உடைந்து, 1990களின் நடுவில் 40 லட்சத்துக்கும் கீழே சரிந்தது. மீண்டும் ஏற்றம்: 2014இல் ஏலத்தில் 3 கோடியே 81 லட்சம், 2018இல் 4 கோடியே 84 லட்சம், 2023 நவம்பரில் நியூயார்க்கில் 5 கோடியே 17 லட்சம். கடைசியாகச் சொன்ன வண்டியை அதன் உரிமையாளர் 1985இல் 5 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார். தனிப்பட்ட முறையில் ஒன்று 7 கோடி டாலருக்குக் கைமாறியதாக 2018இல் செய்தி வந்தது. (உலகிலேயே ஏலத்தில் மிக அதிக விலை போன கார் இதுவா என்றால், இல்லை, 2022இல் 13.5 கோடி யூரோவுக்கு விற்ற மெர்சிடிஸ் ஒன்று வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ஆனால் அந்த வகையில் செய்ததே இரண்டுதான்.)

எண்ணிக்கை குறைவு என்பது மட்டும் விலைக்குக் காரணமாகிவிடாது. உலகில் ஒன்றே ஒன்று செய்து, யாருமே திரும்பிப் பார்க்காத கார்கள் எத்தனையோ. ஜிடிஓ அரிது, அதோடு வென்றது, அதோடு பார்க்க அழகு, இன்றும் ஓட்டலாம். உரிமையாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிப் பயணம் போவார்கள், அந்தக் கூட்டத்தில் சேர வேறு டிக்கெட் கிடையாது. சேகரிப்பவர்களின் உலகில் இது சின்ன விஷயம் இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஜாதகம் உண்டு. சேஸிஸில் பொறித்த நான்கு இலக்க எண்ணும் 'ஜிடி' என்ற எழுத்துகளும்தான் அது. சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை எண், பந்தயத்துக்கென்றே செய்தவற்றுக்கு இரட்டைப்படை என்று ஃபெராரி அன்று பிரித்திருந்தது. ஜிடிஓக்களின் எண்கள் ஒற்றைப்படை. 'சாலைக் கார்தான் ஐயா' என்ற வாதம் எண்ணிலேயே பொறித்திருக்கிறது. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எந்தப் பந்தயம், எந்த ஓட்டுநர், எந்தத் தேதியில் எந்தச் சுவரில் மோதியது, யார் யாருக்கு விற்றார் என்று முழு வரலாற்றையும் அடுக்கிவிட்டார்கள். வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த வரலாற்றுக்குத்தான்.

புதிதாகப் படிப்பவர்கள் திகைக்கும் இடம் இங்கே வரும். பந்தயத்தில் மோதிய கார்களுக்கு மூக்கு மாற்றினார்கள், கதவு மாற்றினார்கள், சிலவற்றுக்கு இன்ஜினே மாறியது. 2018இல் 4.84 கோடிக்குப் போன 3413 எண் வண்டி 1962இல் பிறந்தது, ஆனால் அதன்மேல் இருப்பது 1964ஆம் ஆண்டு பாணி உடல். முழுப் புதுச் சட்டை. அப்படியானால் அசல் எது? சேகரிப்பவர்களின் விடை: சேஸிஸ் தொடர்ந்து வந்திருக்க வேண்டும், மாற்றம் அந்தக் காலத்திலேயே, உரிய பட்டறையில், பந்தயத் தேவைக்காக நடந்திருக்க வேண்டும். அப்போது அது வரலாற்றின் பகுதி. அதே வேலையை 1990இல் செய்திருந்தால் அது ஒட்டுவேலை. தர்க்கம் கொஞ்சம் வசதியானதுதான், ஒப்புக்கொள்கிறேன். இன்ஜினிலும் சேஸிஸிலும் பிறந்தபோது இருந்த எண்களே இன்றும் பொருந்தியிருந்தால் அதை 'மேட்சிங் நம்பர்ஸ்' என்பார்கள், விலையில் பெரிய வித்தியாசம் அதனால் வரும்.

போலிகளும் ஏராளம். நான்கு பேர் உட்காரும் 250 ஜிடிஇ என்ற சாதுவான ஃபெராரிகள் பல, இதற்காகவே அறுபட்டன; அதே குடும்ப இன்ஜின் இருப்பதால் மேலே ஜிடிஓ உடலைக் கட்டிவிடலாம். ஏமாற்றும் நோக்கமின்றி நகல் என்று சொல்லியே ஓட்டுபவர்கள்தான் அதிகம். மோடெனாவிலேயே ஒரு நிறுவனம் நகல் செய்யத் திட்டமிட்டபோது ஃபெராரி வழக்குத் தொடுத்தது. 2019இல் பொலோனியா நீதிமன்றம் ஜிடிஓவின் வடிவம் காப்புரிமைக்கு உரிய கலைப்படைப்பு என்று தீர்ப்பளித்தது. இத்தாலியில் ஒரு காருக்கு அப்படி ஒரு தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால், பெரும்பாலானவை தனியார் கொட்டகைகளில்தான் இருக்கின்றன. இங்கிலாந்தின் குட்வுட் பழைய கார் விழாக்களில் அவ்வப்போது வெளியே வரும், வந்தால் நிறுத்திவைப்பதோடு விடமாட்டார்கள், உண்மையாகவே பந்தயம் விடுவார்கள். நிக் மேசனின் வண்டியும் பல ஆண்டுகளாக அங்கே ஓடியிருக்கிறது. அதன் நம்பர் பிளேட்டில் உள்ள எழுத்துகள்: '250 ஜிடிஓ'.